ஓ.டி.பி. சொல்ல மாட்டேன்

எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டர் மாறுவதில்லை. அவருடைய பெயர்ப்பலகைதான் மாறும். அதே ஆள், அதே வெள்ளைக் கார், அதே வாய். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பழைய பலகையைக் கழற்றிவிட்டு மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ புதிதாக ஒன்றை மாட்டுவார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் காகிதத்தில் வேலையை விட்டு நின்றவர்கள் ஆகிவிடுவோம். மறுநாள் காலை அதே மெஷின் முன்னால், அச்சிலிருந்து வரும் அதே பிளாஸ்டிக் பெயின்ட் வாளிக்கு ஓரத்துப் பிசிறு சீவிக்கொண்டு, புதிய ஆட்களாக நிற்போம்.

காக்களூர் தொழிற்பேட்டையில் இது ஒரு திருவிழா மாதிரி. வேலையை விட்டு நின்றவர்கள் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுக்கலாம் அல்லவா? அந்த நாட்களில் கேண்டீனில் யாரும் நாஷ்டா ஆயிற்றா என்று கேட்பதில்லை, பி.எஃப். போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். காண்ட்ராக்டர் ஆபீஸில் இருக்கும் அன்புசெல்வன் எல்லோருக்கும் செல்போனிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுப்பான். அதில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. நம் போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணை அவனிடம் சொன்னால் போதும், கொஞ்ச நாளில் பணம் பேங்குக்கு வந்துவிடும். என் பக்கத்து மெஷின் மோனிகா போன தடவை எடுத்த பணத்தில் ஃபிரிட்ஜ் வாங்கினாள். அன்புசெல்வனுக்குப் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தாள்.

காண்ட்ராக்டருக்கு இதில் மகா சந்தோஷம். பழைய கணக்கு முடிந்துபோனால் பழைய வருஷங்களைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் சம்பளத்தில் பிடித்த பணத்தை நம்மிடமே கொடுத்துவிட்டு நம் சர்வீஸை அவர் விழுங்கிக்கொள்கிறார். நாம் அவருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருகிறோம்.

நான் எடுத்ததில்லை. எட்டு வருஷத்தில் மூன்றாவது தடவையாகப் பலகை மாறி இப்போது இரண்டு மாதம் ஆகிறது. எடுக்காமல் விட்டால் பழைய வருஷமும் புது வருஷமும் ஒரே நம்பரில் சேர்ந்துகொண்டே போகும். பத்து வருஷம் சேர்ந்துவிட்டால் ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகு மாதாமாதம் பென்சன் உண்டு. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் மருமகளிடமும் மகனிடமும் கை நீட்டாமல் வாங்கும் பணம். நடுவில் மொத்தத்தையும் எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இந்த விவரத்தை நான் என் அப்பா ஜெயராஜ் பட்ட அடியில் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் நைனா முப்பது வருஷம் வேலை செய்தார். பழுத்த கம்பியை இடுக்கியால் பிடித்து இழுத்து அடுத்த உருளைக்குள் விடும் வேலை. கோடையில் வீட்டுக்கு வந்தால் சட்டையில் உப்பு பூத்திருக்கும். அங்கேயும் பலகை மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பணத்தை எடுத்தார். ஒரு தடவை ஓலையைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டார். ஒரு தடவை தம்பி ஜெரால்டைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். ஒரு தடவை என் கல்யாணம். குடித்து அழித்தார் என்றால் நன்றாகத் திட்டிவிட்டாவது போகலாம். அதற்கும் வழியில்லை.

ஐம்பத்தெட்டு முடிந்து மில்லிலிருந்து அனுப்பியதும் பென்சன் கேட்டு பி.எஃப். ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இவருடைய சர்வீஸ் இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே என்றார். நைனா சிரித்தார். வேறு யாரோ ஜெயராஜின் கணக்கைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அந்த அம்மாள் பிறந்த தேதியையும் தாத்தா பெயரையும் படித்துக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. நெருப்பு முன்னால் முப்பது வருஷம் நின்றவருக்குக் கடைசிப் பலகையின் கணக்கு மட்டும்தான் மிச்சம். பென்சன் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதை யார் மேல் இறக்குவது என்றும் தெரியவில்லை. பலகை மாற்றினவன் மேலா, பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மில்காரன் மேலா, ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நைனா மேலா?

அம்மா போன பிறகு நைனா வேப்பம்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். நானும் என் கணவர் சாம்சனும் மாமியாரும் அடுத்த ஸ்டேஷனான செவ்வாப்பேட்டையில்தான் இருக்கிறோம். எங்களோடு வந்து இரு என்றால் வர மாட்டார். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதாம், அது ஆகாதாம். முப்பது வருஷம் நெருப்பில் வெந்தும் போகாத ரோஷம்.

போன மாதம் அந்தக் குடியிருப்பில் ஒரு பைக் திருடு போனது. நைனா காவல் இருந்த இரவு அது. கேமரா பல மாதங்களாக வேலை செய்யவில்லை. பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு இல்லை என்று நைனா கேட்காத ஆளில்லை. எல்லாம் தெரிந்தும் குடியிருப்போர் சங்கத்தார் கூடிப் பேசி, வாட்ச்மேன் தூங்கிவிட்டான், பைக்குக்கு அவன்தான் பணம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கட்டாவிட்டால் போலீஸில் அவர் பெயரையே கொடுப்பார்களாம். வேலை போய்விடும், அறையும் போய்விடும்.

இதில் ஒரு வார்த்தைகூட நைனா என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தார். முன்னறையில் உட்கார்ந்து சாம்சனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் டீ கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மேடை மேல் இருந்த என் போனில் குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டது. காதில் தன் போனோடு சாம்சன் உள்ளே வந்தார்.

"பிரின்சி, ஒரு நம்பர் வந்துகீது பாரு. அத சொல்லு. அன்பு லைன்ல கீறான்."

கஞ்சி கையில் கொட்டியது. அதைவிட இது சுட்டது. என் பணம், என் வருஷம், என்னைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டாயிற்று. யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கத்தினேன். அப்போதுதான் சாம்சன் பைக் விஷயத்தைச் சொன்னார். வேறு யாருக்கும் இல்லை, உன் அப்பாவுக்குத்தான் என்றார். அவசரத்துக்குத்தானே பி.எஃப். என்றார். எனக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறதாம், இன்றைக்கு எடுத்துவிட்டு நாளையிலிருந்து சேர்த்தால் ஆகாதா என்றும் கேட்டார். இதே வசனத்தை மில்லில் யாரோ ஒருவன் நைனாவுக்கும் சொல்லியிருப்பான். அப்போது அவருக்கும் இன்னும் இருபது வருஷம் இருந்திருக்கும்.

நான் மாட்டேன் என்றேன். அப்போதுதான் சாம்சன் அந்த வார்த்தையை எடுத்தார்.

"உன் கல்யாணத்துக்கு அவரு பி.எஃப். எடுத்தாரு இல்ல? இப்ப அவருக்கு ஒண்ணுன்னா நீ எடுக்க மாட்டியா?"

என் கழுத்துச் சங்கிலி, அன்றைக்கு ஊரே சாப்பிட்ட சாப்பாடு, சாம்சன் வீட்டுக்குக் கொடுத்த கட்டில் பீரோ எல்லாமே நைனா நெருப்பு முன்னால் நின்ற வருஷங்கள்தான். அது உண்மை என்று தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"அவரு அன்னிக்கு எடுத்ததாலதான் இன்னிக்கு இங்க வந்து ஒக்காந்துகினு கீறாரு," என்றேன். "நான் இன்னிக்கு எடுத்தா, நாளைக்கு யாரு ஊட்ல போயி ஒக்கார்றது?"

முன்னறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள் நைனா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அன்புசெல்வன் என் போனுக்கே கூப்பிட்டான். அக்கா, டைம் அவுட் ஆயிடுச்சு, இன்னொரு தடவை அனுப்பட்டுமா என்று கேட்டான். அவனை நான் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

ஓசூரில் இருக்கும் ஜெரால்டுக்குப் போன் செய்து பாதியையாவது கொடு என்றேன். கார் லோனுக்கே சம்பளம் போய்விடுகிறது என்றான். பாலிடெக்னிக் ஃபீஸை ஞாபகப்படுத்தினேன். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டான். அப்பனைப் போலீஸுக்கு விட்டுவிட்டுப் பென்சன் வாங்கப் போகிறவள் என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது எனக்கும் கேட்டது.

சாயங்காலமே நான் வேப்பம்பட்டுக்குப் போனேன். சங்கத்தின் செயலாளர் பூவராகவன் கீழ்த்தளத்தில் இருக்கும் சங்க அறையில் உட்கார்ந்திருந்தார். அரசாங்க ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். யூனிஃபார்மில் இருந்த நைனா வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

கேமராவைப் பற்றிக் கேட்டேன். பட்ஜெட் இல்லை என்றார். பூட்டைப் பற்றிக் கேட்டேன். வாங்குவதாகத்தான் இருந்தது என்றார். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்குமே என்று கேட்டேன். பைக்கின் சொந்தக்காரப் பையன் புதுப்பிக்க மறந்துவிட்டான், சின்னப் பையன்தானே என்றார். பிறகு நைனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு பேசினார்.

"இந்த வயசுல இவரு நைட் டியூட்டி பார்க்கறதே பாவம்மா. நாங்கள்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே ரிடையர்மென்டுக்குத் திட்டம் போட்டோம். உங்க ஆளுங்க வர்றத அன்னன்னைக்கே செலவு பண்ணிடறீங்க. சின்ன வயசுலயே சேர்த்து வெச்சிருந்தா இவரு இங்க நிக்கணுமா?"

அவர் சொன்னதில் பாதி நானே எத்தனையோ தடவை நைனாவைப் பார்த்துச் சொன்னதுதான். இந்த வாயிலிருந்து வந்ததும் நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல் இருந்தது.

"முப்பது வருஷம் அவரு சம்பளத்துல புடிச்சாங்க சார்," என்றேன். "உங்களுக்குக் கடைசி வரிக்கும் ஒரே போர்டு. அவருக்கு எத்தினி போர்டு மாத்துனாங்கன்னு அவருக்கே தெரியாது. சேத்து வெக்கிறத பத்திப் பேசறீங்களே, வருஷத்துக்கு ஒரு தபா கட்டுற இன்சூரன்ஸ கட்டாத பையன் சின்னப் பையன். அவுரு பைக்குக்கு எங்க நைனா அழுவணுமா?"

பூவராகவன் கோபப்படவில்லை. படித்தவர்கள் அப்படித்தான், பொறுமையாகவே கழுத்தைப் பிடிப்பார்கள். கட்ட வேண்டியது கட்டத்தான் வேண்டும் என்றார். நாளைக்கே ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வரும் என்றார். ஸ்டேஷனில் வயசானவர், கிழவர் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், நாலு தட்டு தட்டித்தான் கேட்பார்கள் என்றார். நைனா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பூவராகவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"நீ கம்பெனிக்குப் போறே இல்லம்மா? உனக்கு பி.எஃப். இருக்குமே. அதை எடுத்துக் கட்டிடு. பிரச்சினை முடிஞ்சுது."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் நைனா உள்ளே வந்துவிட்டார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

"அத தொடாதீங்க சார்," என்றார். "அது அவளுக்கு வயசான காலத்து சோறு. என் சம்பளத்துல புடிச்சிக்கங்க."

செயலாளருக்கு அது போதுமானதாக இருந்தது. மாதாமாதம் பாதிச் சம்பளத்தைப் பிடிப்பது என்று அங்கேயே பேசி முடித்தார். மொத்தமும் அடைபடும்போது நைனாவுக்கு அறுபத்தாறு வயது ஆகிவிடும். அதுவரை உடம்புக்கு முடிகிறதோ இல்லையோ அவர் அந்தக் கேட்டை விட்டுப் போக முடியாது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். குடியிருப்புக்காரர்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். தூங்காத மனிதன் தூங்கினேன் என்று ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? போலீஸ் வந்தால் வரட்டுமே, கேமராவும் பூட்டும் இல்லாததை அவர்களிடமே சொல்லியிருக்கலாமே. நான் ஒருத்தி அங்கே அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து தலையைக் கொடுப்பானேன்? முப்பது வருஷமாக எவன் நீட்டினாலும் கையெழுத்துப் போட்ட புத்தி இன்னும் போகவில்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் குரல் ஏறவே இல்லை.

"நாஞ் சொல்லாங்காட்டி நீ குடுத்துட்டிருப்ப," என்றார். "அவுரு போலீஸ்ல தட்டுவாங்கன்னு சொன்னப்பவே பாத்தேன். உன் கையி போன எடுத்துக்கினு அன்பு நம்பரத் தேடிக்கினு இருந்துச்சு."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். போன் அதில்தான் இருந்தது. திரையில் அன்புசெல்வன் பெயர் இருந்தது.