கிரீஷ் விழுங்கிய தாளம்

மயிலாப்பூரில் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடியவர்கள் மாளவிகாவும் அவள் தம்பி கிரீஷும்தான். அதற்கும் முன்வரிசை மாமாக்கள் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். கடைசி சரணத்துக்கு முன்னால் கிரீஷ் வேண்டுமென்றே தாளத்தில் ஒரு தட்டை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவான். அத்தனை கைகளும் தடுமாறும். "கடங்காரா!" என்று மாளவிகா மைக்கிலேயே திட்டுவாள்.

கிரீஷ் இறந்தபின் அவள் தனியாகப் பாடும் முதல் கச்சேரி இது. சரிப்படாவிட்டால் கிதாரைப் பரண்மேல் போட்டுவிடுவதென்று வந்திருந்தாள். அந்த இடம் வந்தது. விஷமம் அவனுடையது, நமக்கு வேண்டாமென்று தாளம் பிசகாமல் பாடினாள். மாமாக்களோ பழக்கதோஷத்தில், இந்தத் தடவையாவது ஏமாறக்கூடாதென்று ஒரு தட்டை விட்டுவிட்டுத் தாவியிருந்தார்கள். மறுபடி அத்தனை கைகளும் தடுமாறின.

"போனப்புறமும் நம்மளக் கவுத்துட்டானேடி ஒன் தம்பி!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் வெங்கடரமணன் மாமா.

"கடங்காரன்!" என்றாள் மாளவிகா, மைக்கிலேயே. சிரிப்பு அடங்கியதும் அடுத்த பாட்டுக்குக் கிதாரை ஸ்ருதி சேர்த்தாள்.