மூன்று கல் போட்ட கத்தி

அந்தச் சவரக்கத்தி என்னிடம் வந்தபோது அதற்கு நூறு வயதாவது இருக்கும். துரு என்றால் சாதாரணத் துரு இல்லை. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நிறுத்துப் பார்த்தால் கத்தியைவிடத் துரு கால் கிலோ கூடுதல். மனைவியிடம் சொன்னேன். நம்பவில்லை. கல்யாணமான இரண்டாம் நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கத்தியைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. முப்பது வருடமாகச் சவரத் தொழில். போன மழைக்காலத்தில் வாதம் வந்து வலக்கையின் கடைசி இரண்டு விரல்களை முடக்கிவிட்டது. விரல்கள் இருக்கின்றன, சொன்னால் கேட்பதில்லை.

"பிளேடு மாட்டுற கத்தி இறகு மாதிரி இருக்கு மச்சான். கை ஆடினா அதுவும் கூடச் சேர்ந்து ஆடுது. இது கனமான இரும்பு, முகத்துல தானா உட்காரும். துருவை எடுத்து, என் கைக்குத் தகுந்தாப்ல ஒரு பிடி பண்ணிக் குடுங்க."

அவன் வேலை பார்த்த கடையின் முதலாளிக்குப் பவுடர் என்று பெயர். கழுத்துவரை பூசிக்கொள்வார். அடுத்த வார வெள்ளிக்கிழமை காலையில் தன் கண்முன்னால் ஒரு முகத்தை ஒரு சொட்டு ரத்தம் வராமல் வழித்துக் காட்டினால் நாற்காலி அவனுக்கு, இல்லாவிட்டால் புது ஆளுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று விரல்களை வைத்துக்கொண்டு, அவனுக்கு வேறு எந்த நாற்காலி கிடைக்கும்?

பூட்டு, கத்திரி, கத்தி பழுது பார்ப்பது என் பிழைப்பு. பட்டறை மாடிப்படிக்கு அடியில். அதில் நிமிர்ந்து நின்றவர் இதுவரை யாரும் இல்லை. எண்ணெயும் உப்புத்தாளுமாக நாலு நாள் தேய்த்ததில் இரும்பு கண்ணைத் திறந்தது. பழைய பிடி மட்டும் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது.

மடக்குக் கத்திக்குப் பிடி என்பது இரண்டு பட்டைகள். நடுவில் கத்தி தூங்கும். ஒரு முனையில் கத்தி சுழல ஓர் ஆணி, மறுமுனையில் பட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்ன ஆப்பு. மைத்துனன் கையில் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து, கத்தி பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். உயிருள்ள மூன்று விரல்களும் ஆழமாகப் பதிந்தன. மற்ற இரண்டும் பூனை நடந்துபோன தடம் மாதிரி. அந்த இரண்டு தடங்களுக்காகத்தான் புதுப்பிடி. எருமைக் கொம்பைப் பட்டையாக அறுத்து, வீட்டுப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, இளகியதும் களிமண் அளவுக்கு வளைத்து, செத்த விரல்கள் நழுவாமல் கிடக்க இரண்டு பள்ளம் தோண்டினேன். நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தார். மரியாதைக்காக வேலை மாற்றம் என்று சொல்லிக்கொண்டார்.

"ஆப்பு எதுல வைக்கப் போறீங்க?" என்று கேட்டான் மைத்துனன்.

"பித்தளைல."

"பார்த்து. எனக்கே வெச்சிரப் போறீங்க."

"அது அவருக்குக் கைவந்த வேலைடா" என்றாள் அவன் அக்கா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

மொத்தம் ஐந்து கல்லில் தீட்ட வேண்டும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மென்மை. மூன்று கல் போட்டு அவனிடம் கொடுத்தேன், பழகுவதற்கு. பலூனில் நுரை பூசி வழிப்பது அந்தத் தொழிலில் பழகும் முறை. முதல் நாள் பதினொன்று வெடித்தது. யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்து வீட்டம்மா வந்து கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பலூனுக்கு மூன்று கல் போதும். பலூனுக்கு முடி முளைப்பதில்லை.

யார் முகம் என்பதுதான் பாக்கி. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்த வாரம் தாடி வளர்க்க ஆசை வந்துவிட்டது.

"நான் உக்கார்றேன்" என்றேன். அவன் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை கத்தியைத் திரும்ப வாங்கி, நாலாவது கல்லை நனைத்து வைத்தேன். வெடித்த பதினொன்றும் காதுக்குள் கேட்டன. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல்லை ஈரத்தோடு எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கொஞ்சம் மழுங்கலாக இருந்தால் கை ஆடினாலும் ஆழமாக இறங்காது, அவனுக்கும் நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டேன். மழுங்கல் கத்திதான் வெட்டும். கூரானது முடியை அறுத்துக்கொண்டு போகும், கூரில்லாதது அழுத்தச் சொல்லும், அழுத்தினால் தோல். இது எனக்குத் தெரியாததல்ல. நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னதே நான்தான்.

வெள்ளிக்கிழமை பவுடர் கடை நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கத்தியை வாங்கியவன் கூர் தெரிய நகத்தில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மச்சான் தீட்டிய கத்தி.

நல்ல கத்தி முகத்தில் போனால் பட்டு கிழிகிற சத்தம் வரும். இது அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டியது. முதல் இழுப்பிலேயே நின்றான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"என்னாச்சு?" என்றார் பவுடர்.

"ஒண்ணுமில்ல முதலாளி."

தொடர்ந்தான். அவன் கை ஆடவில்லை. நான் சொல்வதிலிருந்து எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள், இதில் மட்டும் கை வைக்காதீர்கள். தாடை வளைகிற இடத்தில் முடி மசியவில்லை. அழுத்தினான். சுருக்கென்றது.

"ரத்தம்" என்றார் பவுடர்.

"மச்சம்" என்றேன்.

"மச்சம் சட்டைல இறங்குமா?"

"கத்தில தப்புங்க. அஞ்சு கல்லு போடணும், நான் மூணோட நிறுத்திட்டேன். அவன் கை நல்லாத்தான் இருக்கு."

"போன வருஷம் உங்க வீட்டுக் கிணத்துல சுறா புடிச்சதாச் சொன்னது நீங்கதானே?"

கடையே சிரித்தது. மைத்துனன் படிகாரத்தை நனைத்து வெட்டின்மேல் வைத்து, ரத்தம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். மீதிப் பாதி முகத்தையும் வழித்து முடித்த பிறகுதான் துண்டை மடித்தான். அடுத்த நாள் புது ஆள் வந்துவிட்டான்.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தான். கத்தியை என் முன்னால் வைத்தான்.

"மிச்சம் ரெண்டு கல்லையும் போடுங்க."

போட்டேன். பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தோல்வாரிலும் இழுத்து முடித்தேன். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கூரின்மேல் தொங்கவிட்டான். பட்டதும் இரண்டாகி விழுந்தது. இதில் நான் கூட்டிச் சொல்ல இடமே இல்லை.

"அன்னைக்கு என் கை ஆடுச்சா மச்சான்?"

"இல்ல மாப்ளே."

"பவுடர் நம்பலைன்னா போகட்டும். அவரு யாரோ." பையிலிருந்து சோப்புக் கிண்ணத்தையும் துண்டையும் எடுத்து வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காருங்க."

கத்தி அவன் கையில் விரிந்திருந்தது. இப்போது அது முழுக் கத்தி.

"காலைலதான் ஷேவ் பண்ணிக்கிட்டேன்" என்றேன்.

மூன்று நாள் தாடி என் முகத்தில் உப்பு கொட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது. அவன் அதை அவசரமில்லாமல், ஒரு காதிலிருந்து மறு காதுவரை, தொழில்காரன் பார்க்கிற பார்வையாகப் பார்த்தான். என் ஆயுளில் இவ்வளவு சின்னப் பொய்யை நான் சொன்னதே இல்லை.

"சரி மச்சான்" என்று கிண்ணத்தைப் பைக்குள் வைத்தான்.

காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லி உள்ளேயிருந்து அவன் அக்கா குரல் கொடுத்தாள்.

"இல்லக்கா, பஸ் வந்துரும்" என்றான்.

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.