செண்பகத்தின் முதல் கியர்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திண்டிவனத்தில் இருபது வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவனுக்கு இது தோன்றவில்லையே!

கன்னியாஸ்திரீ மடத்து ஆஸ்பத்திரியின் பழைய காரில் செண்பகம் ஆறு மாதமாக ஓட்டப் பழகினாள். அதற்கு முன் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை. அன்று விழுப்புரத்தில் லைசென்ஸ் டெஸ்ட். பாஸானால் திங்கட்கிழமை முதல் அந்தக் காருக்கு அவள்தான் டிரைவர். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருந்தான். இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிறவள், பாவம்.

டெஸ்டுக்கு முதல் நாள் பார்த்துத்தான் கியர் லிவர் முறிந்து அவள் கையோடு வந்துவிட்டது. "சவுரிராயண்ணே, எப்படியாச்சும் பண்ணிக் குடுங்க" என்று அழுதாள். புது லிவர் போட்டேன். அதன் அடியில் உட்காரும் நைலான் புஷ் ஏகத்துக்கும் தேய்ந்திருந்தது. லேத்தில் புதிதாகக் கடைந்து இறுக்கி மாட்டினேன். துளி ஆட்டமில்லை. டெஸ்டுக்கு முன்னால் அவள் கை சோர வேண்டாம் என்று விழுப்புரம் வரை நானே ஓட்டினேன். வழியெல்லாம் என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் ஏறினார். நான் காருக்குப் பின்னால் நின்றேன்.

"முன்னால எடும்மா."

கார் விருட்டென்று பின்னால் வந்தது. செண்பகம் பிரேக்கை அழுத்தினாள். என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி பம்பர் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேய்ந்த புஷ்ஷில், லிவரைப் பக்கத்து சீட்டில் இடிக்கிற வரை இடப்பக்கம் தள்ளினால்தான் முதல் கியர் விழும். அவள் கை பழகியது அப்படி. இப்போது ஆட்டமில்லாததால், அவ்வளவு தள்ளினால் விழுவது ரிவர்ஸ்!

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா பெயிலு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செண்பகம், அவ்ளோ தூரம்..." என்று கத்தினேன்.

"யோவ்! வாயத் தொறந்தா ரெண்டு பேரையும் இப்பவே அனுப்பிடுவேன்!"

செண்பகம் இன்ஜினை அணைத்தாள். "சார், ஒரு நிமிசம் குடுங்க. லிவரு நேத்துதான் மாத்துனது. கை இன்னும் பழசுலயே கீது."

"ரோட்டுலயும் இப்படித்தான் நிறுத்திக்கினு தடவிப் பாப்பியா?"

"பாப்பேன் சார். பின்னால நோயாளி படுத்துக்கினு கெடப்பாங்க. தெரியாத வண்டிய தெரிஞ்சிக்கினுதான் எடுப்பேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் லிவரை மெல்ல இடதும் வலதுமாக நகர்த்தினாள். உதடு முணுமுணுத்தது. மாதாவே, இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

இன்ஜின் உறுமியது. நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. இடித்தால் இடிக்கட்டும் என்று ஒரு வீம்பு.

கார் முன்னால் போனது.

மைதானத்தைச் சுற்றி வந்து, ரிவர்ஸும் எடுத்துக் காட்டி இறங்கினாள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் இளித்துக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வேல நல்லாத்தான் பண்ணீங்கண்ணே. ஓட்டப்போறவ கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு மட்டும் தோணல, இல்ல?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க" என்றாள். ஏறி உட்கார்ந்தேன்.