இன்னும் ரெண்டு கடை

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டுத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கையெல்லாம் பிசுக்கு. இரண்டு விரலால் இடுக்கி எடுத்துப் பார்த்தார். திரையில் ‘பாப்பா’ என்று இருந்தது. விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அவர்தான் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பாள். படிக்கிறாயா என்பார், ம் என்பாள். நீங்க எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்பாள், எனக்கென்ன என்பார். அதோடு இரண்டு பக்கமும் சரக்கு தீர்ந்துவிடும். இன்று செவ்வாய்க்கிழமை. அவளாகக் கூப்பிடுகிறாள்.

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் நூல் மாதிரிதான் வரும். கூண்டை நிறுத்திவிட்டு, ஐந்தாம் மாடிக் கதவை உள்ளிருந்து நெம்பித் திறந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஏறினார். இரண்டு கையிலும் பைகளோடு ஒரு பெண்மணி அங்கே நின்றிருந்தார். எப்போது ஓடும் என்று அவர் கேட்பதற்குள் இவர் கையைக் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

“அப்பா, வேலையா இருக்கீங்களா?”

“இல்லம்மா, சும்மாதான் இருக்கேன். சொல்லு.”

பைக்காரப் பெண்மணி முறைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனார்.

“ஒரு லேப்டாப் வேணும்பா. இப்ப இருக்கறது அம்மா ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு இருக்கு. அம்மா உங்ககிட்ட கேட்டுப் பாருன்னாங்க. எனக்கு இங்க பரிட்சை நேரம், கடை கடையா ஏறி இறங்க முடியாது. நீங்க பாத்து வாங்கித் தரீங்களா?”

“தரேன்மா” என்றார். என்ன, ஏது, எவ்வளவு என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகுதான் காதோரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருப்பது தெரிந்தது.

அவரும் அவள் அம்மாவும் பிரிந்து எட்டு வருடம் ஆகிறது. பாத்திரம் பறந்ததோ, பக்கத்து வீட்டார் வந்து விலக்கிவிட்டதோ கிடையாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, ஒரு நாள் சுத்தமாக நின்றுபோனது, அவ்வளவுதான். மகள் அம்மாவோடு போனாள். இவர் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் துவைத்த துணிகள் குவிந்து, அது நாற்காலி என்பதே மறந்துவிட்டது. பகலில் ஊரில் பாதிப்பேர் அவர் புண்ணியத்தில்தான் மேலும் கீழும் போய்வந்தார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை அவரிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும், ஊரிலேயே பெரிய கடைக்குப் போனார். விற்பனைக்காரர் நேராக அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு தடிமனான இயந்திரத்தின் முன் நிறுத்தினார். விசைப்பலகைக்கு அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு ஓடியது. உள்ளே காற்றாடி இரைந்தது.

“பையனுக்கா சார்?”

“பொண்ணுக்கு.”

“பொண்ணுங்களும் இப்ப பின்னி எடுக்கறாங்க சார். எந்த கேமா இருந்தாலும் இதுல தண்ணியா ஓடும்.”

அவர் ஓரமாக நகர்ந்து மகளைக் கூப்பிட்டார். “ஒண்ணு காட்டறாங்கம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள லைட்டெல்லாம் எரியுது. கலர் கலரா ஓடுது.”

மறுமுனையில் அவள் சிரித்தாள். அடக்கிக்கொள்ளாத சிரிப்பு. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது கேட்டது அது. அவர் கடையின் நடுவில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

“ஐயோ அப்பா, அது கேம் ஆடறவங்களுக்கு. நான் எழுதப்போறது புரோகிராம். எழுத்து, எழுத்து, வெறும் எழுத்துதான். அதுல படம் காட்டறதுக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்கும், விலையில பாதி அதுக்கே போயிடும். எனக்கு அது எதுக்கு? மெமரி பதினாறு ஜிபி இருக்கணும். கீபோர்டு நல்லா இருக்கணும். தூக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கணும். சார்ஜ் ஒரு நாளைக்காவது நிக்கணும். அவ்வளவுதான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சில பேர் லிஃப்ட்ல கண்ணாடி வெப்பாங்க, பாட்டு வெப்பாங்க, கூரையில நட்சத்திரமெல்லாம் மின்னும். மோட்டார்ல கஞ்சத்தனம் பண்ணிடுவாங்க. அந்த மாதிரியா?”

“அதேதான்பா! எனக்கு மோட்டாரும் பிரேக்கும் போதும்.”

அப்படித்தான் தொடங்கியது. பழுதுகளைக் குறித்துவைக்கும் நோட்டில் கடைசிப் பக்கங்களைக் கிழிக்காமல் திருப்பி, கோடு போட்டு, ஒவ்வொரு லேப்டாப்பையும் எழுத ஆரம்பித்தார். தினமும் வேலை முடிந்ததும் ஒரு கடை. ஏழு மணிக்கு மகளுக்குப் போன். “இன்னிக்கு என்னப்பா பாத்தீங்க?” என்று அவள்தான் ஆரம்பிப்பாள். அவர் பார்த்ததைச் சொல்வார். மெமரியை அப்புறமாகக் கூட்டமுடியாதபடி பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்களாம், அதை வாங்காதீங்க என்பாள். அம்புக்குறிப் பொத்தான்களைக் கொசு மாதிரி சின்னதாக வைத்திருக்கிறார்கள் என்பார். வேண்டவே வேண்டாம் என்பாள். லேப்டாப்பிலிருந்து பேச்சு மெல்ல நழுவி வேறெங்கோ போகும். ஒருநாள், புரோகிராமில் ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு இரண்டு மணிநேரம் தலையைப் பிய்த்துக்கொண்டதைச் சொன்னாள். அவர், பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றில் ஒரு தளர்ந்த ஒயருக்காக மூன்று நாள் அலைந்ததைச் சொன்னார். “எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா ஓடாது. அப்பத்தான் பைத்தியம் பிடிக்கும்.” “ஆமாப்பா, ஆமா!” என்று அவள் கத்தினாள். அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் யார் யாரோ பேசும் சத்தமும் கேட்டன. எங்கே இருக்கிறாய் என்றதற்கு, லேப் வாசலில் என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப்போனால் ஒரு பெண் பழைய லேப்டாப்களைச் சீர்செய்து விற்கும் இடம். அந்தக் கடைக்கார அம்மாள் பேச்சை வளர்க்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று இரண்டே கேள்வி கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு கறுத்த லேப்டாப்பை எடுத்து, திரையைத் திறந்து காட்டாமல், கவிழ்த்துப் போட்டுத் திருப்புளியால் அடிமூடியைக் கழற்றினார்.

“கம்பெனிக்காரங்க மூணு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா தள்ளிடுவாங்க அண்ணா. மூலையில கீறல் இருக்கு, பளபளப்பு கிடையாது. உள்ள பாருங்க. மெமரி பதினாறு, இன்னும் கூட்ட இடம் இருக்கு. பேட்டரி புதுசு, நானே போட்டேன். கீபோர்டு அடிச்சுப் பாருங்க. புதுசு வாங்கற விலையில பாதிதான்.”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தூசி இல்லை. ஒயர்கள் வளைந்து, மடங்கி, அதனதன் இடத்தில் அடங்கியிருந்தன. செய்த கை தெரிந்தது. விசைகளை அழுத்திப் பார்த்தார்; ஒவ்வொன்றும் இறங்கி, தட்டி, விரலைத் திருப்பித் தந்தது. இதுதான் என்று அவருக்குத் தெரிந்துபோனது. இருபத்தாறு வருடமாக இயந்திரங்களைத் திறந்து பார்த்தவருக்கு அது தெரியாமல் போகாது.

“எடுத்து வைங்க. நாளைக்கு வந்து சொல்றேன்” என்றார்.

அன்று ஏழு மணிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தார். “இன்னிக்கு என்னப்பா பாத்தீங்க?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி நாளைக்கு இருக்காது என்று அப்போது அவருக்கு உறைத்தது. லேப்டாப் அவள் கைக்குப் போய்விடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.

“ஒண்ணு பாத்தேம்மா. பரவால்ல. இன்னும் ரெண்டு கடை பாத்துடலாம்.”

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். “சரிப்பா” என்றாள்.

இன்னும் இரண்டு கடை, அப்புறம் இன்னும் இரண்டு கடை. ஊரில் கடைகள் தீர்ந்துபோயின. பார்த்த கடைக்கே மறுபடி போனார். சில நாள் எங்குமே போகாமல், அறையில் உட்கார்ந்து, போகாத கடையில் பார்க்காத லேப்டாப்பை மகளுக்கு விவரித்தார். திரை மங்கல் என்றும், எடை கூடுதல் என்றும் குறை கண்டுபிடித்தார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு வரும். அவள் சிரித்ததும் போய்விடும். நடுவில் கடைக்கார அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டார். “அண்ணா, வேற ஆளு கேக்கறாங்க. பொண்ணுக்கு அவசரம் இல்லையா?” “அவ ஒண்ணும் சொல்லலம்மா” என்றார். அது உண்மைதான். அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மனைவியாக இருந்தவள் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்குமேல் இருக்கும்.

“லேப்டாப் என்னாச்சு?”

“பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“எத்தன நாளைக்குப் பாப்பீங்க? அவ கையில இருந்தது நின்னுபோயி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. லேப்ல ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் வரிசையில நிக்கறாங்களாம். போன வாரம் ஒரு கம்பெனிப் பயிற்சிக்கு எழுதி அனுப்ப வேண்டியது, இவ முறை வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. அழுதுட்டா.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“சொல்லக்கூடாதுன்னு எனக்கும் சத்தியம் வாங்கியிருக்கா. அப்பா ஆசை ஆசையா தேடிக்கிட்டு இருக்காரு, அவசரப்படுத்தாதீங்கம்மாங்கறா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரல் தாழ்த்தி, “நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது” என்றாள். குத்திக்காட்டுகிறாளா, வருத்தப்படுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் வைத்துவிட்டாள்.

அவர் ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், திறந்து கிடந்த மின்பெட்டியின் முன் நின்றிருந்தார். மேலே யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். பெட்டிக்குள் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, கடை திறக்குமுன்பே மருந்துக்கடைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தார். கடைக்கார அம்மாள் ஒன்றும் கேட்காமல் லேப்டாப்பைத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தார். மூன்று மணிநேர ரயிலில், மடியைவிட்டு அதை இறக்கவில்லை.

விடுதியின் பார்வையாளர் அறையில் ஒரு நீளமான மேசையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. மகள் வந்தாள். இளைத்திருந்தாள். வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்று சிரித்தாள். போனில் அவ்வளவு பேசியவர்களுக்கு நேரில் பேச்சு வரவில்லை. அவர் பையை மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் திறந்தாள், கீறலைப் பார்க்கவேயில்லை, நேராக விசைகளின்மேல் பத்து விரலையும் வைத்து மழை பெய்கிற மாதிரி அடித்தாள். முகம் மலர்ந்தது.

“செமையா இருக்குப்பா. எங்க பிடிச்சீங்க? எப்ப கெடச்சது?”

ரயிலில் மூன்று மணிநேரமும் இந்தக் கேள்விக்கு அவர் நல்ல நல்ல பதிலாகத் தயார் செய்துவைத்திருந்தார்.

“அஞ்சாவது நாளே கெடச்சிடுச்சும்மா.”

விரல்கள் நின்றன. அவள் கணக்குப் போடுவது தெரிந்தது.

“அப்ப ஏன்பா சொல்லல?”

“சொன்னா வாங்கியாகணும்ல” என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. “வாங்கிட்டா முடிஞ்சுபோச்சே.”

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்தப் பயிற்சியை நினைத்தா, இந்த அப்பாவை நினைத்தா என்று அவரால் சொல்லமுடியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவர்தான் காரணம். கோபித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பக்கவாட்டில் செருகினாள். எதையெதையோ தட்டினாள். திரை கறுத்து, அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது.

“எனக்கு வேண்டிய சிஸ்டத்த ஏத்தறேன். அரைமணி ஆகும்” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு, போயே ஆகணும். அது முடியறவரைக்கும் பக்கத்துல இருப்பீங்களா? சார்ஜர் கழண்டுடக் கூடாது. கடைசியில ஏதாவது கேக்கும். நீங்களா ஒண்ணும் அமுக்கிடாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க, வெளிய வந்து எடுக்கறேன்.”

“சரிம்மா.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் பாதி எழுந்தார். மின்விசிறியைச் சுழலவிட்டுப் போனாள்.

கோடு ஊர்ந்தது. பாதியில் வெகுநேரம் அசையாமல் நின்று, பிறகு நகர்ந்தது. நடைபாதையில் பெண்கள் பேசிக்கொண்டே கடந்துபோனார்கள். வேறு யாருடைய அப்பாவோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சார்ஜர் ஒயரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோடு வலது ஓரத்தைத் தொட்டது. திரையின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் எழுந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். எல்லாம் முடிந்தது, மறுபடி தொடங்கவா என்று கேட்டது. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘இப்போது’ என்றும் மற்றதில் ‘பிறகு’ என்றும் இருந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போன் மற்ற கையில், ‘பாப்பா’ என்ற பெயரோடு திறந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் காலிப் பை மேசைமேல் மெல்ல எழுந்து எழுந்து படிந்தது. கட்டங்கள் இரண்டும் அசையாமல் அவரைப் பார்த்து நின்றன.