கல்மான் கதவைத் தட்டிய பகல்

கதவு தட்டப்பட்டபோது டெசாங்கா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பகல் ஒரு மணி. மின்சாரம் போய் இரண்டாவது நாள். ஊரின் டீசல் மின்நிலையம் வெக்கை தாங்காமல் நின்றுவிட்டது என்றும், உதிரிப் பாகம் எண்ணூறு கிலோமீட்டர் தெற்கிலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். அவளுக்கு அதனால் வெளிச்சம் மட்டும்தான் நஷ்டம். குன்றின் வயிற்றுக்குள் குடைந்த வீடு அது. சுவரெல்லாம் வெளிர்ச் சிவப்புக் கல், அதில் குடையும் இயந்திரத்தின் பற்கள் விட்டுப்போன வளைவுகள். வெளியே தார் உருகினாலும் சரி, தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் சரி, உள்ளே தோளில் ஒரு சால்வை போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அவள் கணவன் ராடோவான் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைத் தேடிக் கண்ணை மண்ணில் தொலைத்த முப்பது வருஷத்தில் உருப்படியாகத் தோண்டிய ஒரே குழி இந்த வீடுதான் என்று ஊரில் கேலி உண்டு.

அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். காலை ஒன்பதுக்குப் பிறகு மாலை ஆறு வரைக்கும் ஊரில் மனித நடமாட்டமே இருக்காது. முந்தின நாள் நாற்பத்தெட்டு டிகிரி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சின்னக் குருவிகள் அலகைத் திறந்தபடி செத்துக் கிடந்ததை அவள் காலையில் துடைப்பத்தால் தள்ளியிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண் பழகிய பிறகுதான் நிற்பது கல்மான் என்று தெரிந்தது. பக்கத்தில் அவனுடைய மஞ்சள் நாய், நாக்கு தரையைத் தொடுகிற மாதிரி.

அவள் கதவுக்கும் அவன் தகர வண்டி வீட்டுக்கும் இருநூறு தப்படி இருக்கும். அவனும் ஒரு காலத்தில் நிலத்துக்குக் கீழேதான் இருந்தான். ஒரு மழை வருஷத்தில் கூரைக் கல் விரிசல் விட்டது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, சக்கரம் வைத்த அந்தத் தகரப் பெட்டிக்குள் குடியேறினான். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷமாகிவிட்டது. குளிரூட்டும் பெட்டி ஒன்று ஜன்னலில் இரைந்துகொண்டே இருக்கும்; அந்த இரைச்சல் நின்று இரண்டு நாளாகிறது என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. ராடோவானோடு பத்தொன்பது வருஷம் ஒரே குழியில் வேலை செய்தவன். அவளோடு பேசி ஒன்பது வருஷம் ஆயிற்று.

"தகரத்துக்குள்ள இருக்க முடியல," என்றான் கல்மான். "வெக்கைக்கு ஒதுங்கச் சர்ச்சைத் தொறந்து வச்சிருக்காங்களாம். மூணு கிலோமீட்டர். வண்டி கிளம்பமாட்டேங்குது. சாயங்காலம் வரைக்கும் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன். பேசக்கூட மாட்டேன்."

அவன் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு கோடாகப் படிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. வலது கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தான். டெசாங்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வீட்டின் குளுமை வெளியே கசிந்து அவன் காலில் படுவதை அவளால் உணர முடிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டான். அந்தக் கணம் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இனித்தது. ஒன்பது வருஷமாக இவனை எங்கே நிறுத்தி எப்படிக் கேட்பது என்று ஆயிரம் விதமாக யோசித்திருக்கிறாள். இப்படி வெயிலே இவனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

ராடோவான் தொண்ணூறு அடிக் குழியில் விழுந்து செத்தபோது மேலே இருந்தவன் கல்மான் ஒருவன்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால், ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்த கூடத்தில், அன்றைக்கு ராடோவான் காலையிலிருந்தே போதையில் இருந்தான், ஏணியில் கால் நிற்கவில்லை என்று சொன்னான். அது காகிதத்தில் ஏறிவிட்டது. குடித்துவிட்டு விழுந்தவன். அடக்கத்தன்று பாதிரியார் பிரார்த்தனையை அவசரமாக முடித்ததாக அவளுக்குத் தோன்றியது. தெற்கே நகரத்தில் இருக்கும் மகன், அப்பா எப்பவும் அப்படித்தானே என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னான். அதன் பிறகு அவள் அவனோடும் அளவாகத்தான் பேசினாள்.

"உள்ள வரலாம்," என்றாள் டெசாங்கா. "ராடோவான் அன்னிக்குக் குடிக்கலன்னு சொல்லிட்டு வா."

கல்மான் கண்ணைத் திறந்தான். "இங்க கேக்க யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

"சொன்னா பொய்யாயிடும், டெசா."

"அப்ப நில்லு."

போய்விடுவான் என்று நினைத்தாள். கெஞ்சுவான் என்றும் நினைத்தாள். அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றிச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். "அந்த அதிகாரி இன்னொண்ணும் கேட்டாரு. காலங்காத்தால யாரு ஊத்திக் குடுத்தாங்கன்னு. ராடோவான் என்கிட்ட சொல்லியிருந்தான். தெரியாதுன்னுட்டேன். உனக்காக ஒரு பொய் சொல்லியாச்சு. இன்னொண்ணு கேக்காத."

அவள் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்குள் நாய் அவள் காலுக்கிடையில் நுழைந்து உள்ளே போய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "நாயாவது இருக்கட்டும்," என்று கேட்டது. சரளைக்கல்லில் செருப்பு இழுபடும் ஓசை தூரமாகப் போயிற்று.

ராடோவான் விழுந்த அன்றைக்கு அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாள். விளக்கேற்றி, ரொட்டி வெட்டி, வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை அவள்தான் ஊற்றினாள். இரண்டு கோப்பை குடித்துவிட்டு ராடோவான் எழுந்தான், வேலை இருக்கிறது என்றான். வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று மூன்றாவதையும் நான்காவதையும் ஊற்றி, பிடிவாதமாகக் கையில் திணித்தது அவள். இது இந்த உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் ஒன்பது வருஷமும் நினைத்திருந்தாள். இருநூறு தப்படி தூரத்தில் இன்னொருத்தன் அதை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தினமும் அவளுக்குத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

முட்டைக்கோஸை நறுக்கி முடித்தாள். உப்புப் போட்டுப் பிசைந்து ஜாடியில் அடைத்தாள். நாய் கல் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, நான்கு காலையும் பரப்பி, குறட்டை விட்டுத் தூங்கியது. கதவுப் பக்கம் போகவில்லை, முனகவில்லை, அதற்கு எந்தக் கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை. டெசாங்கா மூன்று தடவை எழுந்து கதவு வரைக்கும் போனாள். முதல் தடவை, அவன் சர்ச்சுக்கு நடந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் தடவை, எந்த வண்டியாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்றாள். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். இரும்பு உள்பக்கம்கூடச் சுட்டது. கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தரை மணிக்குப் போனபோது அவன் தகரப் பெட்டிக்குள் இல்லை. அதன் அடியில் சக்கரங்களுக்கு நடுவே ஊர்ந்து போய்க் குப்புறக் கிடந்தான். மண்ணைக் கையால் பறித்து ஒரு சாண் குழி செய்து அதில் முகத்தை வைத்திருந்தான். தொட்டபோது வியர்வையே இல்லை. அடுப்பில் காய்ந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். பாதையில் போன ஒரு லாரியைக் கையசைத்து நிறுத்தினாள். குடத்தில் இருந்த தண்ணீரையெல்லாம் அவன் மேல் ஊற்றினாள். எல்லாவற்றையும் வேகமாகவும் சரியாகவும் செய்தாள். மருத்துவ விமானம் அவனை ஏற்றிக்கொண்டு தெற்கே பறந்தபோது, இன்னும் அரை மணி போயிருந்தால் ஆள் இல்லை, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்று நர்ஸ் ஷெரில் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். டெசாங்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பகையாளியை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவள். மளிகைக்கடை எலேனி அவளைக் கட்டிக்கொண்டு, "நானா இருந்தா கண்டுக்கவே மாட்டேண்டி," என்றாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லாமல் பேசினார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நாய் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கல்மான் மூன்று மாதம் கழித்து வந்தான். நடக்கும்போது கால் தனித்தனியாகப் போயிற்று. ஸ்பூன் வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போயிற்று. சூடு மூளையைச் சமைத்துவிட்டது, மிச்சமிருப்பது இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதாக ஷெரில் சொன்னாள். தகரப் பெட்டியில் விட முடியாது, முதியோர் இல்லத்தில் இடமில்லை; உங்களிடம் ஒரு அறை சும்மா இருக்கிறதே, அவருக்கும் உங்களை விட்டால் யார் என்றாள். பக்கத்தில் எலேனியும் லாரிக்காரனும் நின்றுகொண்டிருந்தார்கள். டெசாங்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அது மட்டுமில்லை. அவன் வாயிலிருந்து எப்போது என்ன வரும் என்று தெரியாமல் அவனை இன்னொருவர் வீட்டில் விடுவதும் அவளால் முடியாது.

வந்த பிறகுதான் கவனித்தாள், அவன் வாயிலிருந்து சொந்தமாக எதுவும் வருவதில்லை. அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னான். சூப் குடி என்றால் சூப் குடி என்பான். நாய் எங்கே என்றால் நாய் எங்கே என்பான். அவனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அவள் கையில் அடக்கிய முரட்டுத்தனம் இருந்தது. இரண்டு மாதம் போன பிறகு ஒரு நாள், வாயைத் துடைத்துவிடும்போது, அவளையறியாமல் கேட்டுவிட்டாள். "சொல்லு, கல்மான். ராடோவான் குடிக்கல." அவன் சிரித்தான். எச்சில் வழிய, தெளிவாக, சந்தோஷமாகச் சொன்னான். அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். அதன் பிறகு தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அது ஒரு வழக்கமாயிற்று. முதலில் சொல்லிவிட்டுத்தான் ரொட்டி.

அந்தப் பக்கத்துக்குக் கோடை உச்சமான அடுத்த ஜனவரியில் மின்சாரம் மறுபடி போயிற்று. இந்தத் தடவை அவள் கதவு திறந்தே இருந்தது. எலேனியும் அவள் புருஷனும், லாரிக்காரனின் குடும்பம், ஷெரில், பாதிரியார் என்று ஒன்பது பேர் வந்து கல் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு வீடும் இப்படி ஒரு மனசும் யாருக்கு இருக்கும் என்று எலேனி ஆரம்பித்தாள். டெசாங்கா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அன்றைக்கு விசாரணைக் கூடத்தில் இருந்தவர்கள்தான் பாதிப் பேர். அவள் எழுந்து போய்க் கல்மானின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். இவனுக்கு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம், ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. அவன் தோளை லேசாகத் தட்டினாள்.

கல்மான் நிமிர்ந்தான். அவளுடைய குரலைப் போலவே, அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னான். "சொல்லு, கல்மான். ராடோவான் குடிக்கல. சொன்னாத்தான் ரொட்டி."

பாதிரியார் தன் செருப்பைப் பார்த்தார். ஷெரில் டெசாங்காவைப் பார்த்துவிட்டு, கல்மானின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எலேனியின் புருஷன் தொண்டையைச் செருமி, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். டெசாங்கா அசையவில்லை. மேலே காற்றுக்காகக் குன்றின் உச்சி வரைக்கும் துளைத்திருந்த ஓட்டை வழியாக உச்சி வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில் விழுந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை மடக்கி அதற்கு வழிவிட்டார்கள். அது மெல்ல மெல்ல நகர்ந்து கல்மானின் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. அவன் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, அதை ஏந்திக்கொண்டான்.