குலுங்காத வண்டி

மதுரைக்குக் கொண்டுபோனால் வழி இருக்கிறது, ஆனால் போகிற வழியில் உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பிலோமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூத்துக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் குலுங்காத ரோடு எங்கே இருக்கிறது?

அவள் புருஷன் மரியான் சங்கு குளிக்கிறவன். கரை திரும்பும்போது தோணியில் கயிறு அறுந்து, பாய் கட்டியிருந்த மரம் அவன் இடுப்பில் விழுந்துவிட்டது. முதுகெலும்பில் விரிசல். கால் விரல்கள் இன்னும் அசைந்தன. அந்த அசைவு போய்விட்டால் திரும்பாது என்பதுதான் டாக்டரின் பயம்.

ஆளை நீட்டிப் படுக்கவைக்கத் தோதாகக் கிடைத்தது ஒரே வண்டிதான். யுத்த காலத்தில் பட்டாளத்து ஆம்புலன்ஸாக ஓடி, பிறகு ஏலத்தில் ஓர் உப்பளத்து முதலாளியிடம் வந்து சேர்ந்தது. மரியானின் தம்பி ரோச்தான் அதற்கு டிரைவர். முதலாளி கேட்டதும் கொடுத்துவிட்டார். தயங்கியது ரோச்தான்.

"மதினி, நல்ல முதுகோட ஏறுனவனே அதுலயிருந்து இடுப்பப் பிடிச்சிக்கிட்டுத்தான் இறங்குதான். பின்னால ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்து வருசக்கணக்காச்சு. புதுசு எங்கயும் கிடைக்காது."

"சரி பண்ண ஆளே கிடையாதா?"

"வீரபாகு அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாக்கலாம்."

மரியானை நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு பிலோமியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளையூரணிக்குப் போகிற ரோட்டில் இருந்தது வீரபாகுவின் பட்டறை. ரோச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

அது இந்தக் காலத்துக் குழாய் மாதிரியான ஷாக் அப்சார்பர் இல்லை. சட்டத்தில் முடுக்கிய கனத்த இரும்புக் கூடு. அதிலிருந்து ஒரு கை நீண்டு சக்கரத்து அச்சோடு சேர்ந்திருந்தது. கூட்டுக்குள் எண்ணெய். சக்கரம் எகிறும்போது அந்தக் கை, எண்ணெயைச் சின்னத் துவாரம் வழியே தள்ளிக்கொண்டுதான் நகர முடியும். குதிப்பு அங்கேயே அடங்கிவிடும்.

வீரபாகு முன்னும் பின்னும் இருந்த நான்கு கைகளையும் அச்சிலிருந்து கழற்றிவிட்டு பிலோமியைக் கூப்பிட்டார். "இந்த முன்சக்கரத்துக் கையத் தூக்கிப் பாரு தங்கச்சி."

தூக்கினாள். தண்ணீருக்குள் துடுப்பை இழுப்பதுபோல் கனமாக, ஒரே சீராக வந்தது.

"இப்போ பின்னால உள்ளது."

தாழ்ப்பாள் போன கதவைப்போல் அது கையோடு தொளதொளவென்று வந்தது.

கூட்டைப் பிரித்தால் உள்ளே எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, கறுப்புச் சேறுதான். கை பொருந்தியிருந்த தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்கவேண்டிய சீல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த அளவு சீல் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. ரோச் அலைந்து திரிந்து கடைசியில் துறைமுகத்துக்குப் போனான். அங்கே கிரேன் ஃபிட்டர் கிருபாநிதி முன்பின் தெரியாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் சொந்தப் பெட்டியைக் கொட்டிக் கிளறி ரெண்டு ரப்பர் சீல்களை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் பெரியவை. வீரபாகு தேய்ந்த தண்டுகளுக்குப் பித்தளையில் மெல்லிய உறை கடைந்து மாட்டினார். சீல் கச்சிதமாக உட்கார்ந்தது.

எண்ணெய் ஊற்றியபின் கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டவேண்டும். உள்ளே மாட்டிய காற்று குமிழியாக வெளியேற, திரும்ப எண்ணெய் ஊற்றவேண்டும். அந்த வேலையை பிலோமி கேட்டு வாங்கிக்கொண்டாள். வலது பக்கத்தது கனத்து நின்றது. இடது பக்கத்தது குமிழி நின்ற பிறகும் பாதி வழியில் வெறுமையாகப் போனது.

"அண்ணாச்சி, இங்கன ஒரு இடத்துல பிடிமானம் இல்ல."

வீரபாகு தானும் ஆட்டிப் பார்த்தார். முழுவதையும் திரும்பப் பிரித்தார். எண்ணெய்த் துவாரத்து வால்வுக்குள் இருந்த சின்னச் சுருள்கம்பி முறிந்து கிடந்தது. பழைய பம்பு ஒன்றை உடைத்து வேறு கம்பி எடுத்துப் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை என்பது பிலோமிக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வெறும் வண்டி துள்ளும் என்று வீரபாகு சொன்னதால் தரையெங்கும் உப்பு மூட்டை அடுக்கி, அதன்மேல் மரியானைப் படுக்கவைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே வீரபாகுவும் பின்னால் ஏறி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

எட்டயபுரம் தாண்டி ஒரு பாலம் உடைந்து பள்ளமாகக் கிடந்தது. ரோச் எவ்வளவோ மெதுவாக இறக்கினான். வண்டி ஒருமுறை அமுங்கி ஒருமுறை எழுந்தது. அடுத்த குதிப்புக்காக பிலோமி பல்லைக் கடித்து, புருஷனின் தோளை அழுத்திப் பிடித்தாள். அந்தக் குதிப்பு வரவில்லை. வண்டி அப்படியே அடங்கி மேலே போய்க்கொண்டிருந்தது.

"விரல அசைங்க," என்றாள்.

மரியான் அசைத்தான். வீரபாகு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். பிலோமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற சமயம் மரியான் கம்பு ஊன்றி ஊருக்குள் நடந்து வந்தான். இனிச் சங்கு குளிக்க முடியாது. சங்கு குடோனில் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. ஊர் வந்ததும் முதலில் புருஷனும் பெண்டாட்டியும் வீரபாகுவைப் பார்க்கப் போனார்கள். "இருங்க, இருங்க, நிக்காதிய," என்று அவர் பெஞ்சைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

அங்கிருந்து கிளம்பியதும், துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்றாள் பிலோமி.

"அவருக்கு ஞாபகமே இருக்காது," என்றான் மரியான்.

"நமக்கு இருக்குல்லா."

கிருபாநிதி கேட்டுக்கு வெளியே வந்தார். சீல் கொடுத்ததற்கு பிலோமி நன்றி சொன்னதும் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்த சீலும்மா?"

அவள் விவரம் சொன்னாள். அவருக்கு லேசாகத்தான் நினைவு வந்தது. "அது சும்மா கிடந்த சாமான்லா."

"உங்களுக்குச் சும்மா கிடந்தது அண்ணாச்சி. அதுனாலதான் இவிய இன்னைக்கு நிக்காவ."

மரியான் கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, கிரீஸ் படிந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கிருபாநிதிக்குக் கூச்சமாகிவிட்டது. வாங்க, டீ குடிப்போம் என்று எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனார். வண்டி எப்படிப் போனது, பாலத்தில் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிலோமி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.