புகையில்லாத தோட்டம்

இசக்கி இரும்புக் கொக்கியால் அடுப்புக் கதவை இழுத்துத் திறந்தார். தணலை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, யூகலிப்டஸ் கட்டையொன்றை உள்ளே தள்ளினார். மழையில் ஊறிய கட்டை சீறிக்கொண்டு புகைந்தது. கண்ணைத் தோளில் துடைத்துவிட்டு அடுத்த கட்டையைப் பிடித்தார். இந்த அடுப்பின் சூட்டுக்காற்றில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை காய்ந்தது. சேரம்பாடிக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்து ஃபாக்டரியில், கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவருக்கு அதுதான் வேலை.

அடுப்புக்குப் பக்கத்திலேயே புது இயந்திரம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. கரண்டிலேயே இலையைக் காயவைப்பது. சமவெளியில் காற்றாலை வைத்திருக்கும் ஒரு மின்சாரக் கம்பெனி அதைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து கட்டை வேண்டாம், அடுப்பு வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். இசக்கியோடு விறகு தள்ளும் சங்கிலி என்பவன், குடும்பம் இல்லாத தனியாள், திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தான்.

மத்தியானம் எல்லோரையும் இலை வாட்டும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் அதிகாரி ஜெர்சன், முப்பது வயது இருக்கும், சுவரில் படம் காட்டிப் பேசினார். விறகு எரித்தால் என்ன ஆகிறது, மழை ஏன் முன்போலப் பெய்வதில்லை, அரசாங்கம் என்ன சட்டம் கொண்டுவருகிறது, வெளிநாட்டில் டீ வாங்குகிறவர்கள் இப்போது என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னார். இசக்கிக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. போன வருஷ மழையில் தொழிலாளர் குடியிருப்பில் கீழ் லைனின் கடைசி இரண்டு வீடுகள் மண்ணோடு போனதை அவரும் பார்த்தவர்தான். புது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்களுக்குப் பயிற்சி உண்டு என்றார் ஜெர்சன். பத்தாவது முடித்திருக்க வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டுமே இசக்கிக்குப் பொருந்தாது.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது இசக்கி எழுந்து நின்றார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதானுங்க சார். புகை போனா எனக்கும் நல்லதுதான். எங்க ஊடு என்னாகுமுங்க?"

"வீடா? எந்த வீடு?" என்றார் ஜெர்சன்.

தோட்டத்தில் ஆள் வேலையில் இருக்கும் வரைதான் லைன் வீடு. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ஜெர்சன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று மேனேஜர் கூட்டத்தை முடித்துவிட்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஜெர்சன் இசக்கியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு இது தெரியாதுண்ணே. மேலே சொல்லிப் பார்க்கறேன்."

அவர் பொய் சொல்கிறமாதிரி இல்லை. சொல்லியும் இருப்பார். ஆனால் சில நாட்களிலேயே அவரை வால்பாறைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு இதே வேலைக்காக அனுப்பிவிட்டார்கள்.

இசக்கி ஆபீஸ் வாசலில் நின்று நின்று கேட்டார். மலைக்காட்டு வேலைக்கு, செடிக்கு மருந்து அடிக்கவோ கிளை கழித்துக் கவாத்து வெட்டவோ, தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, மறுபடியும் இழுக்கச் சொன்னார். நுரையீரல் சரியில்லை, மருந்து அடிக்கிற வேலை கூடவே கூடாது, மேடு ஏறுவதும் ஆகாது என்று எழுதிவிட்டார். மனைவி சுகந்தி கர்ப்பப்பை எடுத்தபிறகு கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும், அல்லது வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்றார் மேனேஜர். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித்தான் சொன்னார்.

வீட்டில் மீதி இருந்தது மகள் ராஜப்ரியா. கூடலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருஷம். காலை முதல் பஸ்ஸில் போய் இருட்டும்போது திரும்புகிறவள். இசக்கி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஈரக் குடையைக் கதவோரம் விரித்து வைத்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"எம் பேரைப் பதிஞ்சிருங்கப்பா."

சுகந்தி அரிசி களைவதை நிறுத்தினாள். "இன்னும் ஒரு வருசந்தானுங்க இருக்குது," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு வருசம் எங்கம்மா போய் இருக்கறது? கூடலூர்ல வாடகைக்குப் போனா, படிப்புக்கு எதைக் கட்டறது? ரெண்டும் ஒண்ணுதான்."

வேண்டாம் என்று சொல்ல இசக்கி வாயைத் திறந்தார். இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். சுகந்தி தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். இருமல் நின்றபிறகு, ராஜப்ரியா தன் வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்ததை இசக்கி பார்த்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவள் கொழுந்துக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம் இயந்திரத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். முந்தின நாள் சூப்பர்வைசர் கணேசன் லைன் முழுக்க வீடு வீடாக வந்தார். மேலேயிருந்து பறக்கும் கேமராவால் படம் எடுக்கப் போகிறார்கள், புகையில்லாத தோட்டம் என்று வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பப் போகிறார்கள், அதனால் காலையிலிருந்து அவர்கள் கிளம்பும் வரை யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்றார். கேஸ் இருக்கிறவர்கள் கேஸில் பொங்கிக்கொள்ளலாம். இசக்கி வீட்டில் சிலிண்டர் காலியாகி மாதமாகியிருந்தது.

அன்றும் மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை ஓயும்போதெல்லாம் அந்தப் பறக்கும் கேமரா வண்டுபோல இரைந்துகொண்டு ஃபாக்டரிக்கும் லைனுக்கும் மேலே சுற்றியது. பகல் சாப்பாட்டுக்கு விட்டதும் ராஜப்ரியா வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்து, மழையில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் சுடுதண்ணி இருக்குதாம்மா?"

சுகந்தி முந்தின ராத்திரி வடித்த சோற்றில் பிசைந்து வைத்த தயிர்ச் சோற்றை எடுத்து முன்னால் வைத்தாள். ராஜப்ரியா அள்ளி எடுக்க முயன்றாள். குளிரில் விறைத்த விரல் மடங்கவில்லை. கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

இசக்கி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். காய்ந்த சுள்ளியாகப் பொறுக்கி, காற்றுப் போகும்படி சந்து விட்டு அடுக்கினார். அடியில் காகிதம் செருகினார். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தபோது, கூரைத் தகரத்துக்கு மேலே அந்த இரைச்சல் வந்து நின்றது.

"இன்னும் போகலைங்களா?" என்றாள் சுகந்தி.

"போகலை."

இரைச்சல் விலகிப் போனது. தேயிலைச் சரிவின் பக்கம் தேய்ந்தது. அவர் குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். அது மறுபடி திரும்பி வந்தது. வெளியே மேஸ்திரி விசில் ஊதி ஆட்களைக் கூப்பிட்டான். ராஜப்ரியா சோற்றை மூடி வைத்துவிட்டு, நனைந்த ஷீட்டை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். இசக்கி பற்றவைக்காத குச்சியோடு, குளிர்ந்த பானையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.